நீலிமாவின் ‘ம்க்கும்’

மார்ச் 3, திங்கள்

இன்றிலிருந்து எழுதுகிறேன். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். போன வருஷத்து டைரி ஒன்று காலியாகக் கிடந்தது, பேனாவும் எழுதுகிறது, அவ்வளவுதான்.

காலையில் இவர் பேப்பரைப் பிரித்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “குமுதா, ‘எதிர் போர்ஷன்’ படத்தைத் திரும்ப எடுக்கறாங்களாம்” என்றார்.

எண்பத்தெட்டில் வந்த படம். திருவல்லிக்கேணியில் ஒரு வீடு, எதிரெதிராக இரண்டு போர்ஷன், நடுவில் ஒரே ஒரு அடிபம்பு. தண்ணீருக்காகச் சண்டை போட்டே காதலிக்கிற ஒரு பெண்ணும் ஒரு பையனும். இப்போது அது ‘எதிர் ஃப்ளாட்’ ஆகிறதாம். ஓ.எம்.ஆர். பக்கம் பதினாலாவது மாடி. அடிபம்புக்குப் பதிலாகக் கார் நிறுத்துகிற இடம். டைரக்டர் பிரணவ் என்று இருபத்தொன்பது வயசுப் பையன், பழைய படம் ஓடியபோது பிறக்கவே இல்லை.

“நம்ம நீலிமாதான் ஹீரோயினுக்கு அம்மாவா வர்றாங்களாம்” என்று அடுத்த வரியையும் படித்தார்.

நம்ம நீலிமா. பூனாவிலிருந்து வந்தாள், இங்கே நாலு படம் நடித்தாள், பூனாவுக்கே போய்விட்டாள். அவள் எப்போது நம்ம நீலிமா ஆனாள் என்று தெரியவில்லை.

அந்தப் படத்தில் நீலிமாவுக்குக் குரல் கொடுத்தவள் நான். டப்பிங் ஆர்ட்டிஸ்ட் குமுதவல்லி. படத்தின் டைட்டிலில் போடவில்லை, அதனால் இங்கே நானே போட்டுக்கொள்கிறேன்.

மத்தியானம் ஹாலில் தூசு தட்டினேன். நூறாவது நாள் விழாவில் எடுத்த போட்டோ இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ஒலிப்பதிவாளர் தணிகாசலம், அதாவது இவர், கையில் ஷீல்டோடு நிற்கிறார். பக்கத்தில் நீலிமா. இவர் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார்கள். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இவர் அப்படிச் சிரிக்கவில்லை. வழக்கம்போல இவர் இருக்கிற பாதியை மட்டும் துடைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

டப்பிங்குக்கு ஆள் ஏற்பாடு செய்கிற தனபால் போன் செய்யவில்லை. செய்வான். அம்மா வேஷமானால் என்ன, நீலிமாவுக்கு வாய் அதே வாய்தானே.

மார்ச் 9, ஞாயிறு

ரீமேக் செய்தி வந்ததும் டி.வி.க்காரர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இன்று ‘எதிர் போர்ஷன்’ போட்டார்கள். இவர் பத்து நிமிஷம் முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன்.

என் குரல் எப்படி இருந்திருக்கிறது. எனக்கே பொறாமையாக இருந்தது.

நீலிமாவுக்கு அப்போது தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கேமரா முன்னால் நின்று “ஒன் டூ த்ரீ ஃபோர்” என்று எண்ணிக்கொண்டிருப்பாள். கோபம் என்றால் வேகமாக எண்ணுவாள், காதல் என்றால் மெதுவாக. அந்த ஒன் டூ த்ரீக்கு மேல் வசனத்தை உட்காரவைப்பது என் பாடு. ஒரு சின்னத் துண்டுப் படம் திரையில் சுற்றிச் சுற்றி வரும். அவள் உதடு திறக்கிற நொடியில் நான் திறக்க வேண்டும், அவள் மூடினால் நானும் மூட வேண்டும்.

கடைசிக் காட்சியில் பையன் கேட்பான், “என்னைக் கட்டிக்கச் சம்மதமா?” அவள் பதில் சொல்லமாட்டாள். வாயைப் பூட்டிக்கொண்டு அவனைப் பார்ப்பாள். அப்போது வரும், “ம்க்கும்” என்று ஒரு சத்தம். எத்தனை தியேட்டரில் அதற்கு விசில். அந்த வருஷம் தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ம்க்கும்தான் பதில். ‘நீலிமா ம்க்கும்’ என்றே அதற்குப் பெயர்.

அந்த இடத்தில் வசனமே கிடையாது. உதடே அசையவில்லையே. அந்தத் துண்டு முடிந்துவிட்டது, மைக்கை மூடியிருப்பார்கள் என்று நினைத்து, அடுத்ததற்காக நான் தொண்டையைச் செருமினேன். மைக் திறந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இவர் அதை அழிக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. படம் வந்த பிறகு தியேட்டரில்தான் நானும் கேட்டேன்.

நூறாவது நாள் விழாவில் அவளுக்கு ஒரு ஷீல்டு, இவருக்கு ஒரு ஷீல்டு. நான் ஆறாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

இன்றைக்கு அந்தக் காட்சி வந்தபோது இவர் திரும்பி என்னைப் பார்த்தார். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர், நான் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

தனபால் போன் செய்தான். நான் ஜெயித்தேன்.

கையைத் தட்டி இவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, நல்லாருக்கீங்களா? அக்கா இருக்காங்களா? ஊருக்குப் போயிருந்தாங்கன்னு சொன்னாங்களே.”

“வந்துட்டா. இப்ப குளிக்கறா.” நான் ஜாடை காட்டியபடியே சொன்னார்.

“நீலிமா மேடத்துக்கு யாரு பேசறதுன்னு இன்னும் முடிவாகலண்ணே. நான் அக்கா பேரைச் சொல்லி வச்சிருக்கேன். குரல் எப்படியிருக்கு அக்காவுக்கு?”

இவர் என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். “இருக்கு” என்றார். இருக்காம். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? போனை வைத்த பிறகு அப்படியே காகிதத்தில் எழுதி இவர் முன்னால் போட்டேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

அதிமதுரம் ஒரு துண்டு, மிளகு நாலு, பனங்கற்கண்டு. காலை மாலை இரண்டு வேளையும்.

கதவைச் சாத்திவிட்டு, மிக்ஸியை ஓடவிட்டு, பழைய வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். “உங்க வீட்டுக் குடத்தை எடுங்க, இல்லேன்னா உருட்டி விட்டுடுவேன்.” மிக்ஸி சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். அப்போதும் சரியாகக் கேட்கவில்லை.

சட்னி கூழாகிவிட்டது. இவர் அதையே தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மார்ச் 19, புதன்

என் கையில் மட்டும் இன்று அவள் கிடைத்திருந்தால்.

யூடியூபில் நீலிமாவின் பேட்டி. இவர்தான் போனை நீட்டினார், “குமுதா, இதப் பாரேன்” என்று குழந்தை மாதிரி. முடிக்குச் சாயம் போடவில்லை அவள். நரையைப் படிய வாரி, காதில் சின்னதாக ஒரு கல். ஐம்பத்தொன்பது வயசுக்கு அது அழகாக இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

தமிழில் பேசுகிறாள். இரண்டு வருஷமாக ஆன்லைனில் வாத்தியார் வைத்துப் படித்தாளாம். “இந்தப் படத்துல எனக்கு நானே டப்பிங் பேசறேன். வாழ்க்கைல ஒரு தடவையாவது தமிழ்ல என் குரல் கேக்கணும்னு ஆசை” என்கிறாள். ‘வாழ்க்கை’க்கு ழ சுத்தமாக வருகிறது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வராத ழ.

அப்புறம் பேட்டி எடுத்த பெண் கேட்டாள், “மேம், எங்களுக்காக அந்த ம்க்கும் ஒரு தடவை.” நீலிமா சிரித்தாள். “அது படத்துல பாருங்க” என்று தப்பித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைத் தன்னுடையது என்று எல்லாரும் நம்பும்படி விட்டவள், இப்போது மிச்சமிருந்த வசனத்தையும் பிடுங்கிக்கொண்டாள். நான் அவளுக்கு என்ன கெடுதல் செய்தேன்? அவள் வாயில் வராத தமிழை அவள் வாயில் வைத்தேன். அதுவா குற்றம்?

“நல்லாத்தான் பேசறாங்க, இல்ல?” என்றார் இவர்.

ராத்திரி உப்புமாவில் உப்பு போடவில்லை. மறந்து அல்ல.

மார்ச் 20, வியாழன்

அதிமதுரத்தைக் குப்பையில் கொட்டினேன்.

மார்ச் 24, திங்கள்

டைரக்டர் பையனே போன் செய்தான். இவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், ஒரு உதவி. நீலிமா மேம் வசனமெல்லாம் பிரமாதமா பேசிட்டாங்க. கடைசி சீன்ல பொண்ணு கேக்கும், ‘அம்மா, உனக்குச் சம்மதமா?’ன்னு. மேம் வாயைத் திறக்காம நிப்பாங்க, அங்க அந்தப் பழைய ம்க்கும் வரணும். அது மட்டும் வரமாட்டேங்குது சார். ரெண்டு நாளா முயற்சி பண்றோம். பழைய படத்துலேர்ந்து எடுக்கலாம்னா பின்னாடி மியூசிக் ஒட்டிக்கிட்டிருக்கு. தனபால் அண்ணன் சொன்னாரு, அது குமுதவல்லி மேம் பண்ணதுன்னு. அவங்க வந்து சொல்லிக்குடுப்பாங்களா?”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேலை கொடுக்க இல்லை. என்னுடையதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க.

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “முடியாதுன்னு சொல்லிடவா?” என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். வருகிறேன் என்று ஜாடை காட்டினேன். எதற்கு வருகிறேன் என்று இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

சரி, எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் என் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் பேசவே கூடாது என்றார் டாக்டர், அதனால்தான் இந்த டைரி. யாருக்கும் சொல்லவில்லை. ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். இத்தனை நாளும் கழுத்தில் சுற்றியிருக்கிற துப்பட்டா வெயிலுக்காக இல்லை.

இன்று டாக்டர் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். “ஒரு பக்கம் அசையலம்மா. கொஞ்சம் கொஞ்சமாப் பேச ஆரம்பிங்க. பேச்சு வரும். பழைய குரல் வரும்னு நான் சொல்ல முடியாது.”

இவர் கேட்டார், “டப்பிங்?”

டாக்டர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். ஆட்டோவில் வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அழுவதிலும் சத்தம் வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இதை நிறைய எழுத வேண்டும்.

ஸ்டூடியோ எல்லாம் மாறிவிட்டது. திரை இருந்த இடத்தில் டி.வி. ஆனால் மைக்குக்கும் என்ஜினீயருக்கும் நடுவில் அதே கண்ணாடி. இவரைப் பார்த்ததும் என்ஜினீயர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். இவர் அதில் உட்காராமல் பின்னாலேயே நின்றார்.

நீலிமா உள்ளே இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, “அக்கா” என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அக்காவாம். என்னைவிட இரண்டு வயசுதான் சின்னவள். தொண்டை சரியில்லை, எழுதித்தான் காட்டுவாள் என்று இவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். நானும் நீலிமாவும் மைக் முன்னால் நின்றோம்.

இங்கே நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. காகிதத்தில் எழுதினேன்: ‘மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள். மூக்கு வழியாக அழுத்து.’ அப்படிச் செய்தால் அது வரவே வராது. ஆடு தும்மின மாதிரி வரும். வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான். இன்னும் அழுத்து என்று எழுதினேன். இன்னும் கேவலமாக வந்தது. ஆறு தடவை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குத் தெரியும், நான் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று.

ஏழாவது தடவை அவள் செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க போனாலும் கேப்பாங்க அக்கா. கல்யாணத்துல, ஏர்போர்ட்ல, கோயில்ல. ‘மேடம், ஒரு ம்க்கும்.’ எனக்கு வராது. நான் வாயைத் திறந்து பேசினா அவங்க முகம் சுருங்கிடும். இந்தக் குரல் இல்லையேன்னு பாப்பாங்க. என் புருஷனே கல்யாணத்துக்கு முன்னாடி படம் பாத்துட்டு, என்கிட்ட நேர்ல பேசினப்ப ‘இதுவா உன் குரல்?’னு கேட்டாரு. முப்பத்தேழு வருஷமா உங்க மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? அதுக்காகத்தான் தமிழ் படிச்சேன்.”

பொறாமை. என் மேல். சொல்லும்போது கண்ணில் வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“அன்னைக்கு ஷீல்டு வாங்கறப்ப சார் என் காதுல சொன்னாரு. எனக்குத் தமிழ் தெரியாதில்ல, இங்கிலீஷ்ல சொன்னாரு. ‘இந்தச் சத்தம் உங்களோடது இல்ல மேடம், எங்க வீட்டுச் சத்தம். தினம் காலைல காபி குடுக்கறதுக்கு முன்னாடி என் மனைவி போடறது. அழிக்க மனசு வரல’ன்னு. ரெண்டு பேரும் சிரிச்சோம். ஹோட்டலுக்குப் போனதும் நான் அழுதேன்.”

நான் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வருஷமாக என்னிடம் சொல்லாததை இவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் வேறு மாதிரி எரிந்தது.

அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், அது வேண்டுமென்று செய்கிற சத்தமே இல்லை என்று. காகிதத்தில் எழுதுகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வாயால் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

“ம்க்கும்.”

மைக் திறந்திருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ஜினீயரின் கை அப்படியே நின்றது. டைரக்டர் பையன் நிமிர்ந்தான். நீலிமா வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் போன தொண்டைக்குள் அது மட்டும் ஒரு கீறல் விழாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பீக்கரில் பையனின் குரல் வந்தது. “சார், இது போதும். இதையே வச்சுக்கறோம்.”

அப்போது இவர் குனிந்து மைக் பட்டனைத் தானே அழுத்தினார். “இருங்க தம்பி. போன தடவை நான் கேக்காம வச்சுக்கிட்டேன். இந்தத் தடவை அவங்களைக் கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நீலிமாவைப் பார்த்தேன். அவளுடைய படம், அவளுடைய சொந்தக் குரல், அதில் மறுபடியும் என் சத்தம். அவள் தலையாட்டினாள். நான் காகிதத்தை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன்: ‘பேர் போடணும்.’

ஜூன் 6, வெள்ளி

படம் வந்துவிட்டது. வடபழனியில் மேட்னி ஷோ. இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார், நான் கேட்காமலே.

நீலிமா நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். சில இடத்தில் தடுக்குகிறது, ஆனால் அது அவள் தடுக்கல். புதுப் பெண்ணும் பையனும் பார்க்கிங்குக்காக அடித்துக்கொள்கிறார்கள், ஜனங்கள் சிரிக்கிறார்கள். நான் எதற்கும் சிரிக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சி வந்தது. பெண் கேட்டாள். நீலிமா வாயைப் பூட்டிக்கொண்டு நின்றாள். ம்க்கும். தியேட்டரே விசில் அடித்தது. என் பக்கத்து சீட்டில் இவர் என் கையைத் தேடினார்.

பின் சீட்டில் ஒரு பெண், நாற்பது வயசிருக்கும், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், “இத்தனை வருஷம் ஆச்சு, நீலிமா குரல் மாறவே இல்ல பாரேன்.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ. திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்து, “ம்க்கும்” என்றேன்.

அவள் மிரண்டாள். பிறகு சிரித்தாள். “ஐயோ ஆன்ட்டி, அப்படியே நீலிமா மாதிரியே பண்றீங்களே.”

இதற்கு என்ன பதில் சொல்வது, இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அப்போது இவர் சீட்டிலிருந்து எழுந்து நின்றார். பின் வரிசைக்காரர்களுக்குத் திரை மறைந்தது, யாரோ “உக்காருங்க சார்” என்றார்கள். இவர் உட்காரவில்லை.

“மாதிரி இல்லம்மா. அது இவங்கதான். பழைய படத்துலயும் இவங்கதான். குமுதவல்லி. என் மனைவி.”

அந்தப் பெண் நம்பினாளா என்று தெரியவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாப்கார்ன் பொட்டலத்தை நீட்டினாள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் பெயர்கள் ஓடின. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். என் பெயரும் வந்தது, தும்மியிருந்தால் தவறவிட்டிருப்பேன். சமையல் உதவிக்கு மேலே, வாகன உதவிக்குக் கீழே. பரவாயில்லை. இவர் அதற்குள்ளேயே சொல்லிவிட்டார், நூறு பேருக்குக் கேட்கும்படி.

ஜூன் 7, சனி

காலையில் காபியை நீட்டுவதற்கு முன்னால் செருமினேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார். கடைவாய்ப் பல் தெரிந்தது.

ஹாலில் தூசு தட்டினேன். போட்டோவில் அவள் இருக்கிற பாதியையும் துடைத்தேன். அவளுக்காக இல்லை. ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்.